திருத்தத்துக்கு உட்பட்டு

போன மாதம் நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்க எம்.பி. இந்த மசோதாவுக்கு ஆதரவா ஓட்டுப் போட்டாரா, எதிர்த்தாரான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" ஓய்வு நேரத்தில் நாடாளுமன்ற வாக்கெடுப்புகளை ஒரு எக்ஸெல் கோப்பில் சேர்த்து வருகிறேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் பத்து நிமிஷ வேலை என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று ராத்திரி போனது. அவைக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகு கிடைத்த பதில், அப்படி ஒரு பதிவே இல்லை என்பதுதான். மசோதா குரல் வாக்கில் நிறைவேறியிருந்தது.

சட்டமன்ற நடவடிக்கைகளைக் கேட்டவர்களுக்கு அந்த வாசகம் காதிலேயே இருக்கும். ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க. அப்புறம் அவைத்தலைவர் எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று தன் கணிப்பைச் சொல்வார், முடிந்தது. எத்தனை பேர் ஆம் என்றார்கள் என்ற எண்ணிக்கை கிடையாது, யார் என்ற பெயரும் கிடையாது. சர்ச்சை இல்லாத சின்ன விஷயங்களுக்கு இது சரியான முறைதான், ஒவ்வொரு நடைமுறைத் தீர்மானத்துக்கும் பெயர் வாசித்துக்கொண்டிருந்தால் அவை ஒரு வேலையும் செய்ய முடியாது. ஆனால் கோடிக்கணக்கானவர்களைத் தொடும் சட்டமும் இதே வழியில் போய்விடுகிறபோது, ஐந்து வருடம் கழித்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்க ஆதாரம் எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்திய மக்களவை விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. அவைத்தலைவரின் கணிப்பை உறுப்பினர் மறுத்தால், அவையை ஒட்டிய முகப்பறைகளை (லாபி) காலி செய்யச் சொல்லி, மூன்றரை நிமிஷம் கழித்துக் கேள்வியை மறுபடி வைக்க வேண்டும். அப்போதும் மறுத்தால் பகுப்பு வாக்கெடுப்பு, அதாவது எல்லோரும் சொல்லும் 'டிவிஷன்'. அதில்தான் பெயர் பதிவாகும். ஆனால் அதே 367ஆம் விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது: பகுப்பு தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று அவைத்தலைவர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம், அப்போது பெயர்கள் பதிவாகாது. இந்த வரியை முதல் தடவை படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது, யார் என்பது மட்டும் கிடைப்பதில்லை. வாக்காளருக்கு வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்தானே?

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது நடந்தது நிறையப் பேருக்கு நினைவிருக்கும். எதிர்க்கட்சிகள் பகுப்பு கேட்டன. கேட்கிறவர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும் என்றது தலைமை. அமளிக்கு நடுவே குரல் வாக்கில் நிறைவேறின. யார் சொன்னது சரி என்பதில் இன்றும் இரண்டு தரப்பு உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவ்வளவு பெரிய சட்டங்களுக்கு, அடுத்த வருடமே திரும்பப் பெறப்பட்ட சட்டங்களுக்கு, மாநிலங்களவையில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற பெயர்ப்பட்டியல் கிடையாது, இனிமேல் யாரும் உருவாக்கவும் முடியாது. மாறாக, அரசியல் சாசனத் திருத்தம் என்றால் சிறப்புப் பெரும்பான்மை தேவை, அதனால் எண்ணியே ஆக வேண்டும். 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது. அந்த இரண்டு பேர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருமனதுக்குக் கிட்டத்தட்ட வந்த வாக்கெடுப்பில் முழுப் பதிவு இருக்கிறது, அவையே கொந்தளித்த வாக்கெடுப்பில் இல்லை!

மற்ற இடங்களில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தேன். அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே, முதல் பிரிவிலேயே, வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டால் ஆம், இல்லை வாக்குகளை அவையின் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும் என்று இருக்கிறது. தலைமையின் மனநிலையை நம்பி இல்லை, ஒரு எண்ணிக்கையை நம்பி இருக்கிற ஏற்பாடு. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2009இலிருந்து சட்டங்கள் மீதான இறுதி வாக்கெடுப்பைப் பெயர் பதிவோடுதான் நடத்துகிறது, யாரும் கேட்க வேண்டியதே இல்லை. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. இறுதி வாக்கு என்றால் பெயர் தானாகவே பதிவாக வேண்டும், கேட்டால்தான் கிடைக்கும் என்று இருக்கக் கூடாது.

சரி, பெயர் பதிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை நம்பலாமா?

1993 ஜூலை 22, பிரிட்டன் மக்களவை. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் சமூகப் பிரிவு பற்றி எதிர்க்கட்சி கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவு 317, எதிர்ப்பு 317 என்று அறிவித்தார்கள். சமநிலை வந்ததால் அவைத்தலைவர் பெட்டி பூத்ராய்ட் தன் தீர்மான வாக்கை அரசின் பக்கம் போட்டார். பிறகு பட்டியலைச் சரிபார்த்தால், எண்ணியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அரசுத் தரப்பு உண்மையில் 318. சமநிலையே வந்திருக்கவில்லை. முடிவு மாறவில்லை என்பது அதிர்ஷ்டம்தான். அந்த ஒன்று மறுபக்கம் விட்டுப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததைப் பார்த்த நமக்கு, ஒரு வாக்கின் எடை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனிதர் எண்ணினால் தப்பு வரும், இயந்திரம் வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். அந்த யோசனை பழையது. தாமஸ் எடிசனின் முதல் காப்புரிமையே 1869இல் வாக்குப் பதிவு இயந்திரத்துக்கு வாங்கியதுதான், சட்டமன்றங்களில் வைக்க வேண்டும் என்று செய்தார். யாரும் வாங்கவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்கு மின்னணு வாக்கு வந்தது 1973இல், நூறு வருடத்துக்கு மேல் கழித்து. வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை: 2007 ஆகஸ்ட் 2 அன்று 214க்கு 214 என்று முடிவு அறிவிக்கப்பட்டபோது, உறுப்பினர்கள் வாக்கை மாற்றிக்கொண்டிருந்த நேரத்திலேயே வாக்கெடுப்பை மூடிவிட்டார்கள் என்று பெரிய தகராறு, அதை விசாரிக்கவே தனிக் குழு போட வேண்டி வந்தது. இத்தாலியில் வேறு பிரச்சினை. பக்கத்து இருக்கைக்காரர் வராவிட்டால் அவர் பொத்தானையும் சேர்த்து அழுத்துகிறவர்களை அங்கே 'பியானோ வாசிப்பவர்கள்' என்பார்கள். அதைத் தடுக்க 2009இல் கைரேகை முறை கொண்டுவந்தார்கள். உக்ரைனிலும் இதே பழக்கம் இருந்து, 2019இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். இயந்திரம் பொய் சொல்லாது, ஆனால் எந்த விரல் அழுத்தியது என்று அதற்குத் தெரியாது.

நம் மக்களவையின் கருவியில் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள் என்று பொத்தான்கள். அவற்றில் ஒன்றை மட்டும் அழுத்தினால் போதாது, வாக்கைத் தொடங்கும் இன்னொரு விசையையும் சேர்த்து, மணி இரண்டாவது தடவை ஒலிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதற்கான அறிவுரை. முன்னாலேயே கையை எடுத்தால் பதிவாகாது. அப்படி விட்டுப்போனவர்களுக்கும் தப்பாக அழுத்தியவர்களுக்கும் சீட்டு கொடுத்து வாங்குவார்கள். அதனால்தான் அவைத்தலைவர் முடிவை வாசிக்கும்போது 'திருத்தத்துக்கு உட்பட்டு' என்று ஆரம்பிப்பார். நேர்மையான வாசகம் அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். இது முதல் எண், கடைசி எண் அல்ல என்று அவையே ஒப்புக்கொள்கிறது.

என் ஆதங்கமெல்லாம் அந்தத் திருத்தம் நடந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான். பலகையில் தெரிந்த எண்ணை அன்று இரவு எல்லாச் செய்திகளும் எழுதிவிடும். திருத்திய எண் பிறகு அவைக் குறிப்பில் வரும். இரண்டுக்கும் நடுவே யார் எதை மாற்றினார், எந்தச் சீட்டு எப்போது வந்தது என்று ஒரே இடத்தில், கணினி படிக்கிற வடிவத்தில் இருந்தால் குழப்பமே இல்லை. அது இல்லாதபோது இரண்டு எண்ணும் காலாகாலத்துக்கும் உலவும், ஒன்றைப் பார்த்தவர் இன்னொன்றைப் பார்த்து "மோசடி" என்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

2019 மார்ச் 26 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பதிப்புரிமை வழிகாட்டுதல் என்ற சட்டம் வாக்குக்கு வந்தது. அதன் சர்ச்சைக்குரிய பிரிவுகளைத் தனித்தனியாகத் திருத்த வாக்கெடுப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முதலில் ஒரு வாக்கு. அதில் 312 ஆம், 317 இல்லை. ஐந்து வாக்கில் போயிற்று. அப்புறம் பத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், வாக்கெடுப்பின் வரிசை குழம்பிவிட்டது, தப்பாக அழுத்திவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் நினைத்தபடி பதிவாகியிருந்தால் முடிவே தலைகீழ். ஆனால் அங்கே விதி தெளிவு: திருத்தம் குறிப்பேட்டில் ஏறும், முடிவு மாறாது. அதனால் இன்று அந்தப் பதிவில் இரண்டுமே இருக்கின்றன, அவர் அழுத்தியது ஒன்று, அழுத்த நினைத்ததாகச் சொன்னது இன்னொன்று. முடிவைப் பற்றி ஆயிரம் வருத்தம் இருக்கலாம், பதிவு முறை எனக்குச் சரியாகப் படுகிறது. எதையும் அழிக்கவில்லை. படிக்கிறவர் தானே எடைபோடலாம், உண்மையிலேயே தப்பா, இல்லை ஊரில் எதிர்ப்பு வந்த பிறகு மாற்றிச் சொல்கிறாரா என்று.

அமெரிக்காவில் இரண்டு அவைக்கும் இரண்டு வழி. பிரதிநிதிகள் அவையில் மின்னணு வாக்கின் முடிவை அறிவித்த பிறகு மாற்ற முடியாது, விளக்கம் மட்டும் பதிவில் சேர்க்கலாம். செனட்டில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால், முடிவு மாறாதபட்சத்தில், வாக்கையே மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு அவையும் தனக்கேற்ற விதி வைத்துக்கொள்ளட்டும். பழைய வரியை அழித்து எழுதாமல் கீழே புது வரி சேர்த்து, நேரத்தையும் போட்டால் போதும். கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்வதுதான், தப்பாக எழுதிய எண்ணைச் சுரண்ட மாட்டார்கள், ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார்கள்.

அடுத்தது, எந்தக் கேள்வி மீது வாக்கு என்பது. தரவு சேர்க்கிறவர்கள் ரொம்ப அவஸ்தைப்படுவது இங்கேதான், வெளியே யாரும் பேசுவதும் இல்லை. "திருத்தம் எண் 7, ஆம் 120, இல்லை 210" என்று வரி இருக்கும். திருத்தம் 7 என்ன சொல்கிறது? இன்னொரு கோப்பில், சில நேரம் ஸ்கேன் செய்த பிடிஎஃபில். அந்தத் திருத்தம் ஒரு உட்பிரிவை நீக்கச் சொல்லியிருக்கும். அந்த உட்பிரிவு ஒரு விலக்கை ரத்து செய்திருக்கும். அப்படியானால் 'இல்லை' என்று அழுத்தியவர் விலக்குக்கு ஆதரவா எதிர்ப்பா? தாளில் அம்புக்குறி போட்டுப் போட்டுத்தான் நான் கண்டுபிடிப்பேன், ஒரு தடவை தலைகீழாகவே போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துத் திருத்தினேன். ஒரு மசோதாவைப் போதாது என்று எதிர்ப்பவரும், கூடாது என்று எதிர்ப்பவரும் ஒரே நிரலில் நிற்பார்கள். ஆகவே வாக்கு எண்ணோடு, முன்வைத்த கேள்வியின் முழு வாசகமும், அன்று அவையின் முன் இருந்த மசோதாவின் வடிவமும் இணைந்தே வெளிவர வேண்டும்.

பெயர் இன்னொரு தலைவலி. முதலெழுத்து முன்னால் ஒரு ஆவணத்தில், பின்னால் இன்னொன்றில், ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று விதமான எழுத்துக்கூட்டல். ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருந்த ஒரு அவையில் ஒருவர் வாக்கை இன்னொருவர் கணக்கில் ஏற்றி, நாலு மாதம் அப்படியே வைத்திருந்தேன். வாசகர் ஒருவர் மின்னஞ்சலில் சொன்னார். அந்த நாலு மாதத்தில் யாராவது அதைப் பார்த்து ஒரு நேர்மையான மனிதரைத் தப்பாக நினைத்திருப்பார்களோ என்பது இன்றும் உறுத்துகிறது. அவையே ஒவ்வொரு உறுப்பினருக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து, எல்லா ஆவணத்திலும் அதைப் போட்டால் இது நடக்காது. கட்சிப் பெயரும் வாக்களித்த அன்று எந்தக் கட்சியோ அதுவாகவே இருக்க வேண்டும். இன்றைய கட்சியை எடுத்துப் பழைய வாக்குகளில் ஒட்டினால், தாவியவர்கள் எல்லோரும் ஆதியிலிருந்தே அங்கேயே இருந்தது போலத் தெரியும்.

அப்புறம் வெற்றுக் கட்டம். பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? பிரிட்டன் மக்களவைக்குத் தேர்வாகும் வட அயர்லாந்தின் ஷின் ஃபெய்ன் கட்சி உறுப்பினர்கள் கொள்கையாகவே அவையில் அமர்வதில்லை, அவர்கள் வாக்கு பூஜ்யம். அவைத்தலைவர் வழக்கமாக வாக்களிப்பதில்லை, அவரும் பூஜ்யம். அங்கே எண்ணிக்கை எடுக்கும் நால்வர் மொத்தத்தில் சேர மாட்டார்கள், பட்டியலில் தனியாக வருவார்கள். இது தெரியாமல் கணக்குப் போடுகிறவர் அவர்களை 'வரவில்லை' என்று எழுதிவிடுவார். 2018 ஜூலையில் பச்சைக் குழந்தையோடு விடுப்பில் இருந்த பிரிட்டன் எம்.பி. ஜோ ஸ்வின்சனுக்கு ஈடாக எதிர்த்தரப்பில் ஒருவர் வாக்களிக்காமல் இருப்பதாக ஏற்பாடு, கடைசியில் அந்த எதிர்த்தரப்புக்காரர் வாக்களித்துவிட்டார், பெரிய சண்டை ஆயிற்று. அந்த ஏற்பாடு எந்தப் பதிவிலும் கிடையாது, வெறும் வாய்வார்த்தை. பட்டியலை மட்டும் பார்த்தால் ஒரு தாய் கடமை தவறினார் என்று தெரியும். 2019 ஜனவரியில் மகப்பேறு விடுப்புக்குப் பதிலாள் வாக்கு அங்கே அறிமுகமானது, இப்போது அது பதிலாள் வாக்கு என்றே குறிக்கப்படுகிறது. வெளிநடப்பு, நோய், விடுப்பு, வேண்டுமென்றே ஒதுங்கியது, எல்லாவற்றையும் ஒரே வெற்றுக் கட்டத்தில் போட்டு அதிலிருந்து சதவீதம் கணக்கிட்டு "உங்கள் எம்.பி.யின் மதிப்பெண்" என்று போடுவதை நான் நிறுத்திவிட்டேன். மதிப்பெண் பகிரச் சுலபமாக இருக்கும், அதனால்தான் ஆபத்து.

"கொறடா உத்தரவு போட்டபடிதான் எல்லோரும் வாக்களிப்பார்கள், கட்சி என்ன சொன்னது என்று தெரிந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் இது நியாயமான கேள்விதான். ஆனால் அதே சட்டம்தான் பதிவை இன்னும் முக்கியமாக்குகிறது. கொறடாவை மீறியவரைப் பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். ஒருவரின் பதவியைப் பறிக்கக்கூடிய ஆதாரம் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்! கொறடா உத்தரவையும் வாக்குப் பட்டியலோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் கருத்து, யார் தன் விருப்பத்தில் நின்றார், யார் கட்டாயத்தில் நின்றார் என்று அப்போதுதான் தெரியும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு ரகசியமாக இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. சட்டம் செய்யும் வாக்கு என் சார்பில் போடப்படுவது, அதை நான் பார்க்க வேண்டும்.

செய்ய முடியாத விஷயம் ஒன்றும் இதில் இல்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் வாக்குகள் 1990இலிருந்து அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கின்றன, கணினி நேரடியாகப் படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவமும் தருகிறார்கள். ஆய்வாளர்கள் 1789இன் முதல் காங்கிரஸிலிருந்து எல்லாப் பெயர் வாக்குகளையும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2003இல் தன்னார்வலர்கள் 'பப்ளிக் விப்' என்ற தளத்தைத் தொடங்கியபோது, அச்சுக்காகத் தயாரித்த அவைக் குறிப்புப் பக்கங்களிலிருந்து கணினி நிரல் எழுதிப் பெயர்களைச் சுரண்டி எடுத்தார்கள். இன்று அந்த அவையே தரவை நேரடியாகத் தருகிறது. தன்னார்வலர்கள் செய்து காட்டிய பிறகு அவை ஏற்றுக்கொண்டது என்பதுதான் எனக்குத் தெம்பு. தன்னார்வலர் வேலைக்கு ஆயுள் குறைவு, ஒருவருக்குக் குழந்தை பிறந்தால், வேலை மாறினால், தளம் நின்றுவிடும். மூலப் பதிவு அவையின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும்.

நண்பருக்குக் கடைசியில் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு கோப்பில் ஒரு புது நிரல் சேர்த்தேன், வாக்கெடுப்பு முறை என்று. குரல் வாக்கில் போன மசோதாக்களையும் இப்போது ஏற்றுகிறேன். உறுப்பினர் பெயருக்கு நேரே 'பதிவு இல்லை' என்று எழுதி, அவைக் குறிப்பின் பக்க எண்ணையும் போடுகிறேன். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "அப்போ பகுப்பு கேட்கிறது யாரு?" என்றார். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். அடுத்த கூட்டத்தொடரில் இறுதி வாக்கு வரும்போது பகுப்பு கேளுங்கள் என்று தன் எம்.பி.க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். ரசீதை எனக்கும் படம் பிடித்து அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை.